கடைமடைக்குக் கொடுத்த பெண்

என் ஆரோக்கியத்துக்கு, உன் அம்மா எழுதுகிறேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படி. நானும் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. பொம்மையார்பாளையத்துக் கருவாட்டுக்காரம்மா இன்று நம் ஊரை முடித்துக்கொண்டு மதியத்துக்கு மேல் உன் ஊருக்கு வருவாள் அல்லவா, அவள் கூடையில் மேலாக வைத்து அனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் கேட்டாலும் பிரித்துக் காட்டு என்று சொல்லப்போகிறேன். உன் மாமியார் படிக்கட்டும், மாமனார் படிக்கட்டும், கோயில் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களும் படிக்கட்டும். எல்லாருக்கும் முதலில் உன் அப்பா படிக்கட்டும் என்று அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இதை வைக்கப்போகிறேன். தாய் மகளுக்கு எழுதுவதில் ஊருக்கு என்ன வேலை என்று நீ கேட்பாய். உன் கல்யாணத்தையே இரண்டு ஊரும் சேர்ந்துதானே செய்துவைத்தன? அதனால் ஊரும் படிக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்து சேரும் வரைக்கும் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகாதே. மாமியார் குடத்தை எடுத்து உன் முன்னால் வைத்தாலும் போகாதே. காலில் வீக்கம் என்று சொல், தலைசுற்றல் என்று சொல், பொய் சொன்ன பாவத்துக்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும், அது உனக்குத் தெரிந்ததுதான். குழம்பு உப்பாகிவிட்டது என்று சொல்லவே புளி வாங்கின கதையிலிருந்து தொடங்குகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நம் மல்லாட்டைக் கொல்லையில், கடலை பிடுங்கி முடித்த கையோடு, சர்வேக்காரர்கள் வந்து முளைக்குச்சி அடித்தார்கள். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி. நீ அதில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வந்து உன் மரப்பாச்சிக்குச் சேலை கட்டினாய். உன் அப்பா பார்த்தார். அடிக்கவில்லை. உன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், உன்னைக் கொண்டே அந்தத் துணியைத் திரும்பக் கட்டவைத்தார். "இது நம்ம துணி இல்ல பாப்பா. கீழூர்க்காரன் குடிக்கப்போற தண்ணி இந்தக் குச்சி வழியாத்தான் வரப்போவுது" என்று சொன்னாராம். நீ வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாய். வாய்க்காலுக்கு ஒரு சாண் நிலம் விடமாட்டோம் என்று ஊரில் பாதிப்பேர் மல்லுக்கு நின்றபோது, சர்வேக்காரர்களுக்கு மோர் கொடுத்து, எங்கள் கொல்லையில் கோணாமல் நேராகப் போகட்டும் என்று குச்சியைத் தன் கையாலேயே அடித்தவர் அவர். அந்த மனிதரும் இன்றைக்கு நான் எதிரே உட்கார்ந்து பேச முடியாத இந்த மனிதரும் ஒரே ஆள்தான். உன் அப்பாவை நீ அடியோடு வெறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதினேன்.

அணை எழும்பிக்கொண்டிருந்தபோது ஊரே வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணைக் கொட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், உருளை ஓட்டி இறுக்கினார்கள், அதன்மேல் மறுபடியும் மண்ணைக் கொட்டினார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு நாங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். இனிமேல் கேப்பையும் கம்பும் எதற்கு, மூன்று வேளையும் அரிசிச் சோறுதான் என்று பெண்கள் பேச்சு. நீ மட்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆத்த கட்டிப் போட்டா அது கோச்சிக்காதா?" என்று கேட்டாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தேன், வாய்க்குப் போகவில்லை.

அடுத்த கோடையில் நம் கிளை வாய்க்காலை வெட்ட ஆரம்பித்தார்கள். தலைமடையில் நம் ஊர், கடைமடையில் நீ இப்போது வாழ்க்கைப்பட்டிருக்கிற நெடுந்தாங்கல், நடுவே மேய்ச்சல் காடு. வேறு ஊர் கிடையாது. நம் கொல்லைக்குக் கிழக்கே மணற்பாங்கான மேடு ஒன்று இருந்தது, அதை ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாக வெட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த கூலிப்பெண்கள் மண் சுமந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிறைமாதம். கூடையை இறக்கிவிட்டு நிழலுக்காகக் கரையோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு மோர் ஊற்றிவிட்டு நான் அவளிடம் போய்க்கொண்டிருந்தேன். கரை சரிந்தது. சத்தமே இல்லை ஆரோக்கியம். மண் கரை இடிந்தாலாவது ஓசை கேட்கும், மணல் கரை அப்படியே வழிந்து இறங்கிவிடும். எல்லாரும் ஓடிவந்து கையால் தோண்டினார்கள். வெளியே எடுத்தபோது வாயில் மணல், ஒரு கை மட்டும் வயிற்றின்மேல். வாய்க்கால் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது, இனிமேல் கரை நிற்கும் என்று சிலர் பேசினார்கள். ஒன்றோடு போய்விடுமா என்று ஒரு கிழவர் கேட்டார். அவரை எல்லாரும் திட்டி வாயடைத்தார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் இன்றுவரை காதில் நிற்கிறது.

முதல் தண்ணீர் வந்த அன்று நீ பள்ளிக்கூடம் போகவில்லை, ஊரில் எந்தப் பிள்ளையும் போகவில்லை. தண்ணீர் என்றால் தெளிவாக வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றோம். நுரையும் சருகும் முள்ளும் செத்த ஓணானுமாக, ஒரு பாம்பு முன்னால் ஓட, அது புரண்டு புரண்டு வந்தது. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் நடந்தார். நெடுந்தாங்கல் ஏரியில் போய் விழும்வரைக்கும் அதோடு நடந்தார். கடைமடைக்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையை வாடின பிறகும் மாதா படத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் மாட்டிவைத்திருந்தார். வாரத்தில் இன்னின்ன நாள் நமக்கு, இன்னின்ன நாள் அவர்களுக்கு என்று முறை வைத்தார்கள். நான்கைந்து வருடம் அந்த முறை கோயில் மணி மாதிரி தவறாமல் நடந்தது.

ஆனாலும் இரண்டு ஊருக்கும் பழைய பகை இருந்தது. ஓடைத் தண்ணீருக்காக அந்தக் காலத்தில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டவர்கள். ஒரே சாமியார்தான் இரண்டு கோயிலுக்கும் வந்து பூசை வைப்பார், ஆனால் பெண் கொடுத்து எடுத்ததில்லை. முறை நாளில் மேலூர்க்காரன் கை வைத்துவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. உன் மாமனார் நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது அந்தப் பயத்தை மறைக்கவில்லை. நல்ல மனிதர், எதையும் நேராகப் பேசுகிறவர். முறைத் தண்ணீரைப் பற்றி ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் கையை ஆட்டி மறுத்தார். "எங்க ஊட்ல உங்க பொண்ணு இருந்தா நீங்க மடைய அடைக்க மாட்டீங்க. வேற பத்திரம் எதுக்குங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெண் போகிற வழியே தண்ணீர் போகும் என்று அன்றைக்கு யாரோ சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது, கல்யாணப் பந்தலில்கூட அதைத்தான் சொல்லிச் சொல்லி வாழ்த்தினார்கள்.

மூன்று ஞாயிறும் கோயிலில் உங்களுக்கு ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டு நிறுத்துவாரே, அந்த நிறுத்தத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்ன தடை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை தங்கமான பையன், குடி கிடையாது, உன்னைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடுகிறது. தண்ணீருக்கு ஈடாகப் பெண்ணை வைப்பது சரியா சாமி என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்க முடியுமா? கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். கல்யாணத்தன்று உன் காதில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். நீ என்னைப் போல வாயாடி இல்லை, உன் அப்பாவைப் போல அழுத்தக்காரி. அழுத்தம் ஆண்பிள்ளைக்கு மரியாதை தருகிறது, பெண்பிள்ளைக்கு நோயைத்தான் தருகிறது.

நீ போன மறுவருடம் நம் ஊருக்குக் கரும்பு வந்தது. வாய்க்கால் வெட்டினபோதே சொல்லித்தான் இருந்தார்கள், இந்தத் தண்ணீர் நெல்லுக்கு ஒரு போகம், மற்ற நாளில் மல்லாட்டைக்கும் கேப்பைக்கும் என்று. கரும்பு வருடம் முழுக்கத் தண்ணீர் கேட்கும். ஆலைக்காரர்கள் லாரி அனுப்பி வெட்டிக்கொண்டு போகிறார்கள், காசு கையில் வருகிறது என்றதும் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் நட்டார்கள். உன் அப்பா முதல் ஆள். என் கையில் இருக்கிற இரண்டு வளையலும் அந்தக் கரும்பில் வந்ததுதான், வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. மழை பெய்த வருடம் ஒன்றும் தெரியவில்லை. போன ஐப்பசியும் பொய்த்து, இந்த வருடம் ஆடியிலும் ஆறு வறண்டு, அணையில் பாதிகூட நிரம்பாதபோதுதான் தெரிந்தது. இருக்கிற தண்ணீர் எல்லாம் யானை வாயில் போன கரும்பு மாதிரி நம் கரும்புக்குள்ளேயே போய்விட்டது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் இது ஊர் படிக்கிற கடிதம், எழுதத்தான் வேண்டும். நம் மதகுக்குக் கீழே வாய்க்காலுக்குக் குறுக்கே பனங்கட்டையும் தழையும் மண்ணும் போட்டு அடைத்து அணைப்புக் கட்டிவிட்டார்கள். கடைமடைக்கு ஒரு சொட்டு இறங்காது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து இரண்டு தடவை ஆள்விட்டுக் கலைத்தார்கள். ஜீப் திண்டிவனம் ரோட்டைத் தொடுவதற்குள் மறுபடி அணைத்தாயிற்று. மூன்றாம் தடவை ஜீப் வரவில்லை. பிறகு உன் ஊர்க்காரர்கள் அந்தோணியார் சுரூபத்தைத் தோளில் சுமந்துகொண்டு வாய்க்கால் கரையோடு செபமாலை சொல்லியபடி வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. அந்த அணைப்புக்கு முன்னால் சுரூபத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அணைப்பைத் திறக்கவில்லை, அந்தோணியாரை நகர்த்தவும் கை வரவில்லை. வெயிலில் நிற்கிறாரே என்று கீற்று வெட்டிவந்து அவருக்கு ஒரு பந்தல் போட்டார்கள். காலையும் மாலையும் மெழுகுவர்த்தி வேறு ஏற்றுகிறார்கள். மனிதனுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் போகட்டும், புனிதருக்கு நிழல் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

உனக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவர நானும் உன் அப்பாவும் வந்தோமே, அந்த நாளையும் எழுதுகிறேன். வீட்டில் நீ இல்லை. ஊற்றுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். வாய்க்கால் போய் ஏரியில் விழுகிற இடத்தில் மணல் சேர்ந்திருக்கிறதே, அங்கே தோண்டியிருந்தார்கள். கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போகிற குழி, சுற்றிலும் வெறும் மணல், கால் வைத்து இறங்க இரண்டு பனங்கட்டை. அடியில் ஒரு கொட்டாங்கச்சி தண்ணீர் ஊறும், அதை மொண்டால் மறுபடி ஊறக் காத்திருக்க வேண்டும். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நீ கடைசியில் நின்றாய். ஏழு மாத வயிற்றோடு நிற்கிற பெண்ணை முன்னால் விடுங்கள் என்று நான் கேட்டேன். அவர்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, அதற்கு உதடு வெடித்திருந்தது. "அவ அப்பன் ஊட்டுத் தண்ணி வரட்டும்மா, மொதல்ல மொண்டுக்கட்டும். அது வரிக்கும் கடைசிலயே நிக்கட்டும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நீ போம்மா, வெயிலா இருக்குது. எல்லாரும் மொண்டப்புறம் கொஞ்சம் ஊறும்" என்றாய். கடைசியில் நிற்கிறவள்தான் குழியில் அதிக ஆழம் இறங்க வேண்டும் என்பதை நீ சொல்லவில்லை. நீ இறங்கினபோது உன் தலை வெளியே தெரியவில்லை. கரையிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாக உன் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மணலில் புதைந்த அந்த நிறைமாதக் கூலிப்பெண் என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தாள். உன் கையைப் பிடித்து மேலே இழுத்தபோது நான் அழுதேன், நீ ஏன் என்று கேட்டாய். தூசி விழுந்துவிட்டது என்றேன்.

வீட்டில் உன் மாமியார் எங்களுக்குக் காபி கொடுத்தார். அந்தத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று தெரிந்தும் குடித்தேன், மறுத்தால் மரியாதையாக இருக்காது. வளையல் போட்டோம், பாட்டுப் பாடினார்கள், எல்லாம் முறையாக நடந்தது. கிளம்பலாமா என்று நான் கேட்டதும் உன் மாமியார் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "பொண்ணு இங்கியே இருக்கட்டுங்க சம்மந்தி. தண்ணி வந்ததும் நாங்களே வண்டி கட்டி அனுப்பி வுடறோம்." முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாத குடும்பம் இந்தச் சீமையில் உண்டா? உன் மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர்கள் பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் உன் அப்பாவிடம் மன்றாடினேன். அவர் வாய் திறந்தபோது குரல் உடைந்திருந்தது, ஆனால் சொன்னது வேறு. "என் பொண்ண வச்சிக்கினு எனுக்கே பூச்சாண்டி காட்றாங்க. இப்ப தொறந்தா, நாளிக்கி எவன் ஊட்டுப் பொண்ண வச்சிக்கினு எத கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஊரு கரும்பெல்லாம் காயும், என்ன எவன் மதிப்பான்?" என்றார். அவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைக் கொல்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறார்கள், நடுவில் நீ குழிக்குள் இறங்குகிறாய். "கரும்பு காஞ்சா அடுத்த வருசம் கட்டையிலேர்ந்து துளுக்கும். பொண்ணு துளுக்குமா?" என்று கேட்டேன். அவர் மாட்டை அடித்தார். அவர் மாட்டை அடித்து நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். சிலநாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார்.

இன்று காலை கருவாட்டுக்காரம்மா வந்தாள். நெத்திலியை அளந்து போட்டுக்கொண்டே, உன் ஊரில் ஊற்றுக் கரை இடிந்துவிட்டது என்றாள். யாருக்கும் ஒன்றுமில்லை, அப்போது குழிக்குள் ஆள் இல்லை, ஒரு குடம் மட்டும் மணலுக்குள் போய்விட்டது, சற்றுத் தள்ளி வேறு குழி தோண்டியிருக்கிறார்கள் என்றாள். யார் குடம் என்று கேட்டேன். அவள் நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே, "உம் பொண்ணுதும்மா. அப்பத்தான் மேல ஏறி வந்துதாம், குடத்த எடுக்கத் திரும்பறதுக்குள்ள மூடிக்கிச்சாம்" என்றாள். நீ எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, போன குடத்துக்காக உன்னை யாராவது ஏசினார்களா என்று மட்டும் கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கண்ணால் பார்க்கவில்லையாம். அவளை மதியம் வரைக்கும் இருக்கச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மகளே, தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். நான் தண்ணீரைப் பழிக்கவில்லை, அணை கட்டினவர்களையும் பழிக்கவில்லை. இரண்டு ஊரும் உண்ண வேண்டும் என்றுதான் கட்டினார்கள். நாம்தான் பகிர்ந்துகொள்ளத் தெரியாமல், நடுவில் ஒரு பெண்ணை நட்டுவைத்தால் போதும் என்று நினைத்தோம். சர்வேக்காரன் முளைக்குச்சி அடித்த மாதிரி உன்னை அங்கே அடித்துவிட்டு வந்தோம். உனக்குப் பிறப்பது பெண்ணாக இருந்தால் அதை எதற்கும் ஈடாக வைக்காதே. நிலத்துக்கு வைக்காதே, சமாதானத்துக்கு வைக்காதே, தண்ணீருக்கும் வைக்காதே. ஆணாக இருந்தால், மண்வெட்டியைக் கையில் கொடுக்கிற நாளில் முறை நாள் எது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு. உன் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் வீட்டிலும் குடம் காலி. ஊற்றில் என்னிடம் பேசினாளே அந்தப் பெண், அவள் பிள்ளைக்குக் கொடுக்க, சாமியார் பங்களாவில் எனக்குக் கொடுத்த பால் பவுடரை எடுத்து வைத்திருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு அவர் சாப்பிட வந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். ஊற்றுக் கரை இடிந்த இடத்துக்கு வந்ததும் விரலை அங்கேயே ஊன்றிக்கொண்டார். என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து, மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார். திறக்கப் போகிறாரா, இன்னும் இரண்டு கூடை மண் போட்டு இறுக்கப் போகிறாரா, எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் வாழ்ந்த மனிதரைப் பற்றி இதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே போய்ப் பார்க்கவும் எனக்கு மனமில்லை.

நான் நாளைக் காலைப் பூசை முடிந்ததும் புறப்படுகிறேன். உன் பிரசவம் அங்கேயே நடக்கட்டும், நான் அங்கேயே இருப்பேன். இங்கே உலையை உன் அப்பாவே வைத்துக்கொள்ளட்டும். பெண் போன வழியே தண்ணீர் போகவில்லை, பெண்டாட்டி போகிற வழியே போகிறதா என்று ஊர் பார்க்கட்டும். உன் மாமியாரிடம் சொல், தண்ணீர் வரும்வரைக்கும் அவர் பிடித்துவைக்க மேலூரிலிருந்து இன்னொருத்தியும் வருகிறாள் என்று. ஊற்றில் உன் இடம் இனி எனக்கு. வரிசையில் கடைசியில் நான் நின்றுகொள்கிறேன், குழிக்குள்ளும் நானே இறங்குகிறேன். நான் கரைமேல் நடந்து வரப்போவதில்லை. முதல் தண்ணீரோடு உன் அப்பா நடந்த மாதிரி, அந்தோணியார் பந்தலைத் தாண்டியதும் வாய்க்காலுக்குள் இறங்கி, அதன் நடுவிலேயே நடந்து வருவேன். வாய்க்கால் முடிகிற இடத்தில்தானே உன் ஊற்று இருக்கிறது, வழி தப்பாது. பின்னால் தண்ணீர் வருகிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டேன். வந்தால் என் காலுக்குத் தெரியும். நீ கரையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான் வரும்போது என் சேலைக் கரை நனைந்திருக்கிறதா என்று பார்.